மேல் தட்டுச் சுண்டெலிகள்

சென்பா சானின் உயரம் நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்தது அத்தனையும் கடைசியில் இந்த உயரத்தில் வந்துதான் முட்டிக்கொண்டது.

ஜப்பானில், உவோசு ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி இருக்கும் முதுமை ஆய்வு நிலையத்தில் சுண்டெலி அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அவர். முழுப்பெயர் சென்பா ஃபுமியே; ‘சான்’ மரியாதைக்குச் சேர்ப்பது. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் கமபோகோ ஆலையில், அரைத்த மீனை அவித்துக் கட்டியாக்கும் வரிசையில் நின்றவர். ஆலையை மூடியதும் ஐம்பத்தைந்து வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளர், ஒப்பந்த வேலை. பெயர் ஹதோரி. எனக்குக் கோபம் சட்டென்று வரும், ஆனால் வந்த வேகத்தில் போகாது.

ஆலையில் பழகியதை அவர் எலி அறைக்கும் கொண்டுவந்தார். ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் நின்று, விரலை நீட்டி, உரக்கச் சொல்வார்: “தண்ணி, சரி! தீனி, சரி! மூடி, சரி!” இருபத்து நாலு கூண்டுக்கும் இதே பாட்டு. முகமூடிக்குள்ளிருந்து அவ்வளவு சத்தம் எப்படித்தான் வந்ததோ.

“நீங்களும் திருப்பிச் சொல்லணும், ஹதோரி சான்,” என்றார் முதல் வாரமே. “ஆலையில ஒருத்தர் விரல் நீட்டிச் சொன்னா, கூட இருக்கறவங்க அதையே பார்த்து ‘சரி’ன்னு சொல்லணும். ரெண்டு ஜோடிக் கண்ணு பட்டாத்தான் கணக்கு.”

“எலிங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. அதுங்களுக்கும் ரெண்டு ரெண்டு கண்ணு இருக்கு.”

அவர் சிரித்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து அவர் ஒவ்வொரு முறை சொன்ன பிறகும் ஒரு நொடி நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

விரலை நீட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேள்விகள்தான் தாங்க முடியாது. மதியச் சாப்பாட்டில், கடற்பாசித் துருவலில் உருட்டிய சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

“அந்த ஊசியில அப்படி என்னதான் இருக்கு?”

“பெப்டைடு. பதினாறு அமினோ அமிலம் கோத்த ஒரு சின்னச் சரம்.”

“எங்க கிடைக்குது?”

“ஆர்டர் குடுத்துச் செஞ்சு வாங்கறோம். ஆனா நம்ம உடம்புக்குள்ளயே ஊறற பொருள்தான். செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு, அடுப்பு மாதிரி. சாப்பிட்டதை எரிச்சு சக்தி குடுக்கும். அந்த அடுப்புக்குன்னு தனியா ஒரு குட்டி மரபணு இருக்கு. அதுலேருந்து வர்ற சரம் இது.”

“ஓ! அடுப்பே சமையல்காரருக்குச் சீட்டு எழுதி அனுப்புதா?”

கோபப்படலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர் சொன்னது கிட்டத்தட்டச் சரி.

“அப்படித்தான். சர்க்கரையை இப்படிச் செலவு பண்ணு, கொழுப்பை அப்படிச் செலவு பண்ணுன்னு. உடம்பை அசைச்சு வேலை செஞ்சா தசையில அது கூடுது. வயசானா ரத்தத்துல குறையுதுங்கறாங்க. வெளியிலேருந்து ஏத்தினா கிழட்டு எலி நல்லா ஓடுமா, அதைப் பாக்கத்தான் இவ்வளவு பாடும்.”

“எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஊசி போடலாமா? ரிட்டயர் ஆனதிலேருந்து சோபாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கறாரு.”

“மனுஷங்களுக்குக் குடுக்கற நிலைமைக்கு அது இன்னும் வரல, சென்பா சான்.”

“அப்ப வழக்கம்போல காலால உதைச்சே எழுப்பிக்கறேன்.”

எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பெப்டைடைப் ‘பதினாறு’ என்றுதான் கூப்பிடுவோம். என்றும் பதினாறு என்று வாழ்த்துவார்களே, அந்த ஆசை எங்கள் பேராசிரியர் அன்சாய் சென்செய்க்கு நிறையவே இருந்தது. எனக்கும்தான். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. இந்த ஆய்வு பலித்தால் இன்னும் மூன்று வருஷம் நீளும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஏற்பாடு இது: இரண்டு வயது தாண்டிய நாற்பத்தெட்டுச் சுண்டெலிகள். மனிதக் கணக்கில் எழுபதைத் தாண்டிய கிழடுகள். கூண்டுக்கு இரண்டு. பாதிக்கு மஞ்சள் சீட்டு, பாதிக்கு வெள்ளைச் சீட்டு. ஒரு நிறத்துக்குப் ‘பதினாறு’ ஊசி, இன்னொன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எதற்கு என்பது அன்சாய் சென்செயின் மேசை இழுப்பறையில், ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஊசி போடும் எனக்கே தெரியாது. யாருடைய ஆசையும் முடிவில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக அவ்வளவு ஜாக்கிரதை.

கூண்டுகளை அடுக்கியது நான். ஆறு தட்டு, தட்டுக்கு நாலு. மஞ்சளெல்லாம் கீழ் மூன்று தட்டில், வெள்ளையெல்லாம் மேல் மூன்று தட்டில். கோடு போட்ட மாதிரி இருந்தது. அன்சாய் சென்செய் வந்து பார்த்து, “அழகா இருக்கு, ஹதோரி” என்றார். ஒழுங்கு என்றால் எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கீழ்த் தட்டு எட்டும், மேல் தட்டு எட்டாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு எல்லாத் தட்டும் எட்டியது.

கிழட்டு எலிகளைத் தினமும் வெளியே எடுத்துக் கண், ரோமம், நடை எல்லாம் பார்க்க வேண்டும். அது சென்பா சானின் வேலை. ரப்பர் முனை வைத்த இடுக்கியால் வாலின் அடியைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்பது விதி. அவர் பார்த்ததையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பார். ‘பதினேழாம் கூண்டு, காது மடங்கியவர், இன்று கூட்டை நன்றாகக் கட்டியிருக்கிறார்’ என்று. எலியை யாராவது ‘அவர்’ என்று எழுதுவார்களா? நான் கேலி செய்தேன். “நம்மளவிட மூத்தவங்கதானே?” என்றார்.

ஆகஸ்ட் நடுவில் ஏர்கண்டிஷனர் குழாய் ஒழுகி உச்சித் தட்டில் சொட்டியது. அங்கிருந்த நாலு கூண்டுகளையும் நான் இறக்கிக் கொடுக்க, சென்பா சான் வாங்கி மேசைமேல் வைத்தார். ரிப்பேர்காரர் வந்தார், பார்த்தார், சாமான் வரவில்லை என்றார். பரிசோதனை நாள்வரை அந்த நாலும் மேசைமேலேயே இருந்தன.

செப்டம்பர் கடைசியில் ஓடவிட்டோம். சின்ன டிரெட்மில், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும். களைத்து நின்றால் அத்தோடு சரி. மஞ்சள் சராசரி இருபத்து மூன்று நிமிஷம். வெள்ளை பதினைந்துகூட இல்லை. உறையைப் பிரித்தோம். மஞ்சள்தான் பதினாறு. அன்சாய் சென்செய் எழுந்து ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். அன்று சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் பீரும் வெள்ளை இறாலுமாக வாங்கிக் கொடுத்தார்.

“டிசம்பர் மாநாட்டுல இதைத்தான் சொல்லப்போறோம்,” என்றார். “உனக்கு இனி மூணு வருஷம் கவலையில்ல.”

அதற்குள் எலிகள் நாற்பத்தெட்டும் போய்விட்டன. தசையை எடுத்துப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. சந்தோஷத்தில் நான் சென்பா சானிடமும் எண்களைச் சொன்னேன். அவர் வாழ்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் கேள்வியே கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்ததே தவிர, ஏன் என்று தோன்றவில்லை.

அக்டோபர் கடைசி வியாழன், ஆய்வில் உயிர் விட்ட பிராணிகளுக்கு அஞ்சலி. கட்டிடத்துக்குப் பின்னால் பைன் மரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் அதன் முன்னால் எல்லோரும் கறுப்பு உடுத்து நிற்போம். இயக்குநர் எண்ணிக்கையை வாசித்தார்: சுண்டெலி ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு, எலி எண்பது, முயல் ஒன்பது. பிறகு வருஷா வருஷம் சொல்லும் வாக்கியம்: “உங்கள் உயிர் எங்கள் அறிவாயிற்று. ஒன்றுகூட வீண் போகவில்லை.” வரிசையாகப் போய் ஆளுக்கொரு வெள்ளைச் செவ்வந்தியை வைத்துக் குனிந்துவிட்டு வந்தோம்.

சென்பா சான் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். பூவைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு பூவோடு அப்படியே திரும்பி வந்துவிட்டார். வரிசையே அவரைப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. கையைப் பிடித்து இழுக்காத குறையாக, காபி மெஷின் இருக்கும் மூலைக்குக் கூட்டிப்போனேன்.

“என்ன சென்பா சான் இது? இயக்குநர் பாக்கறார்!”

“வீண் போகலன்னு சொன்னாரு. அது நிஜமான்னு தெரியாம நான் எப்படி வைக்கறது?”

“என்ன தெரியணும் உங்களுக்கு?”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மேல் தட்டுலேருந்து ஆகஸ்ட்டுல மேசைக்கு எறக்கினோமே நாலு கூண்டு, வெள்ளைச் சீட்டு. அதுங்க எப்படி ஓடுச்சு?”

“வெள்ளை வெள்ளை மாதிரிதான் ஓடியிருக்கும்.”

“தனியாப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. சராசரியை மட்டும்தான் பார்த்திருந்தேன். “ஏன் கேக்கறீங்க?”

அவர் பூவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “நான் விதியை மீறிட்டேன். கீழ்த் தட்டுக் கூண்டையெல்லாம் மேசைக்குக் கொண்டுபோயிடுவேன். ரெண்டு கையையும் இப்படி ஏந்தினா அதுங்களே ஏறி வந்து உக்காந்துக்கும். இடுக்கியே வேண்டாம். ஆனா மேல் தட்டு எனக்கு எட்டாது. ஸ்டூல் மேல ஏறி, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால வாலைப் பிடிச்சுத்தான் தூக்கணும். தினமும். அதுங்க பயத்துல என் கையிலேயே மூத்திரம் போகும். ஸ்டூல் சத்தம் கேட்டாலே ஓடி ஒளியும். எறக்கி வெச்ச நாலு கூண்டும் ரெண்டு வாரத்துல கைக்கு வந்துடுச்சு. குறிப்பேட்டுல தேதியோட இருக்கு. தினம் தினம் நடுங்கற எலியும் நடுங்காத எலியும் ஒரே மாதிரி ஓடுமா, ஹதோரி சான்?”

“இதை இப்பச் சொல்றீங்களா? யாரு கேட்டாங்க உங்கள?” என்று கத்தினேன். காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் நகர்ந்து போனார்கள்.

மாடிக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் அந்த நாலு கூண்டை மட்டும் தனியாகப் பிரித்தேன். எட்டு எலிகள். இருபத்தொன்று, இருபத்து மூன்று, இருபத்து நாலு, இருபது... சராசரி இருபத்திரண்டு. வெறும் உப்புத் தண்ணீர் வாங்கிய எலிகள், ‘பதினாறு’ ஊசி வாங்கியவற்றுக்குச் சமமாக ஓடியிருந்தன. கடைசிவரை மேலேயே இருந்த பதினாறு எலிகள் பதினொரு நிமிஷம். நாங்கள் அளந்தது பெப்டைடை இல்லை. பயத்தை அளந்திருக்கிறோம்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் நான் முதலில் நினைத்தது கம்ப்யூட்டரை மூடிவிடலாம் என்றுதான். எலிகள் இல்லை. அன்சாய் சென்செய் நாலு கூண்டைத் தனியாகப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. குறிப்பேடு சென்பா சானுடைய சொந்தக் குறிப்பேடு. மூன்று வருஷம் எனக்கு வேலை. கதவுப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சென்பா சான் பூவோடு நின்றுகொண்டிருந்தார். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“எப்படி ஓடுச்சு?” என்றார். அவர் முகத்தில் குற்றம் செய்த ஆளின் பயத்தைவிட, விடை தெரிய வேண்டும் என்ற ஆவல்தான் அதிகமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை.

“இருபத்திரண்டு,” என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். “அப்ப என்னாலதான். நான் போய் சென்செய்கிட்டச் சொல்லிட்டு, வேலையை விட்டு நின்னுடறேன். உங்க பேரு வராது.”

“அடுக்கினது யாரு?” என்றேன். “உங்க உயரம் எனக்குத் தெரியாதா? தினமும் நீங்க ஸ்டூலைத் தூக்கிட்டு வர்றதைப் பாக்கறேனே. மஞ்சளையும் வெள்ளையையும் கலந்து வெச்சிருந்தா உங்க கையால ஒண்ணும் கெட்டிருக்காது. அழகா இருக்கணும்னு அடுக்கின என்னாலதான் இது. வாங்க, ரெண்டு பேரும் போகலாம்.”

அன்சாய் சென்செய் முழுவதையும் கேட்டார். குறிப்பேட்டை வாங்கித் தேதிகளைப் பார்த்தார். என் எண்களைப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் எழுந்து, “சென்பா சான், எப்படித் தூக்குவீங்க? காட்டுங்க” என்றார்.

மூவரும் மேலங்கி மாட்டிக்கொண்டு எலி அறைக்குப் போனோம். வேறொரு ஆய்வுக்கு வந்திருந்த இளம் சுண்டெலிகள் இருந்தன. சென்பா சான் கூண்டைத் திறந்து, உள்ளங்கைகளைச் சேர்த்து உள்ளே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஒரு நிமிஷம் போனது. ஒரு சுண்டெலி மோந்து பார்த்து, காலை எடுத்து வைத்து, ஏறி உட்கார்ந்து மீசையைத் துடைக்க ஆரம்பித்தது. சென்செயும் கையை நீட்டினார். அவர் விரலை நறுக்கென்று கடித்தது இன்னொன்று.

“அவசரப்படறீங்க, சென்செய்,” என்றார் சென்பா சான்.

“ஆமா,” என்றார் அவர், ரத்தம் வந்த விரலைப் பார்த்துக்கொண்டு. “முப்பது வருஷமா அவசரம்தான்.”

மறுநாள் மாநாட்டுக்கு எழுதி, பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சென்பா சானை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. எனக்குத்தான் மார்ச்சோடு முடிந்தது. காட்ட முடிவு இல்லாத ஆய்வுக்கு ஆள் வைக்கப் பணம் வரவில்லை. கடைசி நாளில் என் மேசையைக் காலி செய்தபோது எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. நியாயமில்லாத கோபம்தான், ஆனாலும் இருந்தது. அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். பஸ் கிளம்பும்வரை குனிந்து வணங்கியபடியே நின்றார். நான் கையசைக்கவில்லை.

இப்போது பக்கத்து ஊரான நமெரிகாவாவில் ஒரு மாத்திரை ஆலையில் தரம் பார்க்கிறேன். அங்கேயும் விரல் நீட்டிச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்ல, கூட இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாளே என் வாயில் “சரி” வந்தது. எனக்கே திக்கென்றிருந்தது. அன்று மதியம் அவருக்குப் போன் போட்டேன்.

“ஆய்வு திரும்ப நடக்குது, ஹதோரி சான்!” என்றார், நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. “சென்செய் அங்க இங்க சொல்லிக் கொஞ்சம் பணம் தேத்தியிருக்காரு. சீட்டைக் குலுக்கிப் போட்டுக் கூண்டைக் கலந்து வெச்சிருக்கோம். உயரமான அடுக்கையே தூக்கியாச்சு. எல்லாரையும் கையிலதான் எடுக்கறோம். அக்டோபர்ல வாங்க.”

லீவு போட்டுவிட்டுப் போனேன். அதே பைன் மரம், அதே கல். இயக்குநர் எண்ணிக்கையை வாசித்து, அதே வாக்கியத்தைச் சொன்னார். நான் வெளியாள் என்பதால் வரிசையின் கடைசியில் நின்றேன்.

சென்பா சானின் கையில் இரண்டு பூக்கள் இருந்தன. ஒன்று புதுசு. இன்னொன்று காய்ந்து பழுப்பேறிய செவ்வந்தி, காகிதத்தில் சுற்றியிருந்தது. போன வருஷத்துப் பூ. ஒரு வருஷம் தன் லாக்கருக்குள் வைத்திருந்திருக்கிறார். கல்லுக்கு முன்னால் போய் இரண்டையும் வைத்தார். குனிவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் நிமிர்ந்து, கையை முழுசாக நீட்டி, கல்லைப் பார்த்து விரலைக் காட்டினார்.

“மஞ்சள், இருபத்து நாலு நிமிஷம்! வெள்ளை, இருபத்திரண்டு நிமிஷம்! ரெண்டு நிமிஷம்தான் வித்தியாசம்! பதினாறால வந்ததா, தானா வந்ததான்னு இன்னும் தெரியல! இன்னொரு தடவை பாக்கப் போறோம்!” குரல் உடைந்தது, ஆனாலும் குறையவில்லை. “போன வருஷத்து மேல் தட்டு, பதினாறு பேர்! உங்களைப் பயமுறுத்தினது நாங்கதான்! அதுவும் எழுதி வெச்சாச்சு!”

சொல்லிவிட்டு விரலை நீட்டியபடியே நின்றார். யாரும் அசையவில்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வரிசையின் கடைசியிலிருந்து நானும் விரலை நீட்டினேன்.

“சரி!” என்றேன், என்னால் முடிந்தவரை உரக்க.